ரேஷன் அட்டை பிகாரில், அடுப்பு திருப்பூரில்

ஆகஸ்ட் 23, 2025, சனி

சம்பள நாள். ஆனால் எங்கள் லைன் வீடுகளில் யார் முகத்திலும் களை இல்லை. அமெரிக்கா வரியை உயர்த்துவதால், அங்கே போகும் ஆர்டர்களைப் பல பனியன் கம்பெனிகள் நிறுத்தி வைத்திருக்கின்றன. ஒன்றரை ஷிப்ட் ஓடிய இடத்தில் இப்போது ஒரு ஷிப்டுதான். பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட் குடும்பங்கள் அந்த அரை ஷிப்டை நம்பித்தான் ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தன.

கடைசி அறையில் பிகாரின் முசாபர்பூரிலிருந்து வந்த குடும்பம். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள். வாடகை 3,500. மின்சாரத்துக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்குகிறார். வீட்டு இணைப்புக்கு முதல் 100 யூனிட்டை அரசு இலவசமாகத் தருகிறது. பத்து அறைக்கும் ஒரே மீட்டர் என்னும்போது வாடகைக்காரருக்கு அதில் என்ன மிஞ்சும்? முகவரிச் சான்று இல்லாததால் ஐந்து கிலோ சிலிண்டர். அதற்கு மானியமும் கிடையாது.

ஆகஸ்ட் 27, புதன்

இன்று முதல் அமெரிக்காவில் நம் சரக்குக்கு 50 சதவீத வரி. விநாயகர் சதுர்த்திக்குச் செய்த கொழுக்கட்டையை எடுத்துக்கொண்டு அந்த முசாபர்பூர்ப் பெண்ணைப் பார்க்கப் போனேன். துணிப்பைக்குள் மடித்து வைத்திருந்த ரேஷன் அட்டையைக் காட்டினாள். ஆறு பெயர்கள். ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் இலவசம். இங்கே அவள் கடையில் காசு கொடுத்து அரிசி வாங்குகிறாள்!

"இங்கே வாங்கினால் ஊரில் மாமியாருக்குக் கிடைக்காது, தீதி (அக்கா)" என்றாள். அப்படி இல்லை, இங்கிருக்கும் நால்வரின் பங்கை மட்டும் இங்கே வாங்கலாம், மீதி ஊரிலேயே கிடைக்கும் என்று விளக்கினேன். பாதி நம்பினாள். இதை அவளுக்குச் சொல்ல இத்தனை வருடம் ஒருவரும் வரவில்லையே என்று எனக்கு மனம் பொறுக்கவில்லை.

செப்டம்பர் 3, புதன்

இருவரும் ரேஷன் கடைக்குப் போனோம். "வெளிமாநில அட்டைக்கெல்லாம் கிடையாது" என்றார் விற்பனையாளர். எந்த மாநில அட்டைக்கும் தானியம் தரும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது, ஆதார் எண்ணைப் போட்டுப் பாருங்கள் என்று விடாமல் நின்றேன். போட்டார். குடும்பம் முழுவதும் திரையில் வந்தது.

அடுத்தது கைரேகை. பனியன் துணியில் பிசிர் வெட்டி வெட்டி அவள் விரல் நுனி வழவழவென்று தேய்ந்திருந்தது. முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாள், இயந்திரம் ஏற்கவில்லை. பின்னால் வரிசையில் முணுமுணுப்பு. கடைசியில் கருவிழியைப் பதியும் கருவியைக் கேட்டு வாங்கி, அதில் கண்ணைக் காட்டிய பிறகுதான் பதிவானது. இருபது கிலோ அரிசி!

பக்கத்தில் ஒருவர் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வாங்கினார். அவளும் கேட்டாள். அது மாநில அரசின் திட்டம், தமிழ்நாட்டு அட்டைக்கு மட்டும். வெறும் சோற்றை வைத்துக்கொண்டு வளரும் பிள்ளைக்கு என்ன ஊட்டுவாள்?

செப்டம்பர் 10, புதன்

பெரியவள் அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. காலை உணவும் மதியச் சத்துணவும் அங்கேயே. யார் எந்த மாநிலம் என்று கேட்காமல் பரிமாறுகிறார்கள். இந்தத் திட்டத்தை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். சின்னவனை அங்கன்வாடியில் சேர்த்துவிட்டோம். எடை குறைவு என்று சத்துமாவு கொடுத்தார்கள்.

அரிசி வந்த செய்தி பரவி, இன்று மாலை ஒடிசாக்காரர்கள் அட்டையோடு என் வாசலுக்கு வந்துவிட்டார்கள். எல்லோருக்கும் இந்த ரேஷன் திட்டத்துக்கான 14445 உதவி எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 15, திங்கள்

கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனு கொடுத்தோம். வெளிமாநில அட்டைக்கும் பருப்பு, எண்ணெய் வேண்டும். ரேஷன் கடைப் பலகையில் இந்தியிலும் ஒடியாவிலும் அறிவிப்பு வேண்டும். அவர்கள் தைத்த துணியில்தான் இந்த ஊர் ஓடுகிறது. பருப்பு கேட்பதைச் சலுகையாக நான் நினைக்கவில்லை.

மனுவுக்கு ரசீது தந்தார்கள். வழங்கல் அலுவலரைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். நாளை அவளுக்கு ஷிப்ட் இருப்பதால், ஒடிசாக்காரர்களில் இருவரை அழைத்துக்கொண்டு போகிறேன்.