கேரியர் இல்லாத சைக்கிள்

2016இல் படிக்க ஃபிலடெல்ஃபியாவில் போய் இறங்கியபோது என்னிடம் கிரெடிட் கார்டு கிடையாது. தெருமுனையில் நீல நிற வாடகை சைக்கிள்கள் வரிசையாக நிற்கும். இண்டிகோ என்று பெயர், 2015இல் நகர நிர்வாகம் தொடங்கியது. அப்போது மாதம் 15 டாலர் கட்டினால் எத்தனை முறை வேண்டுமானாலும், முறைக்கு ஒரு மணி நேரம் ஓட்ட முடிந்தது.

நியூயார்க்கில் அந்தச் சமயத்தில் இதே மாதிரி வாடகை சைக்கிளுக்கு ஒருநாள் பாஸ் எடுத்தாலே கார்டில் 101 டாலரைப் பிடித்து வைத்து, அப்புறம்தான் விடுவார்கள். சும்மா கிடக்க நூறு டாலர் உள்ளவருக்குத்தான் அந்த சைக்கிள். ஃபிலடெல்ஃபியாவில் பரவாயில்லை, தொடங்கிய நாளிலிருந்தே ரொக்கமாகவும் கட்டலாம். இணையத்தில் பதிந்து, வந்த பார்கோடோடு செவன் இலெவன் கடைக்குப் போனேன். காபி வாங்க நின்றவர்களோடு வரிசையில் நின்று, கசங்கிய நோட்டுகளாக 15 டாலரை எண்ணிக் கொடுத்தேன். பால் வாங்கியது மாதிரி ரசீது வந்தது.

எங்கள் ஆய்வகத்தைக் கூட்டித் துடைக்க ஓர் அம்மா வருவார். உணவு உதவிக்கான அரசு அட்டை வைத்திருந்தார். அந்த அட்டை உள்ளவர்களுக்கு மாதம் 5 டாலர்தான் என்று தெரிந்ததும், ஏதோ நானே கொடுக்கிற மாதிரி ஓடிப்போய்ச் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

"எங்க வீட்டுப் பக்கம் ஸ்டாண்டே இல்லையே கண்ணு. பஸ் ஏறி வந்துதான் சைக்கிள் எடுக்கணும். பஸ் ஏறினா நேரா இங்கேயே வந்துட மாட்டேனா?"

எனக்குப் பதில் இல்லை. அவரே இன்னொன்றும் கேட்டார்: "பின்னாடி உட்கார இடம் இருக்கா?" பேரனைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்கு வருகிறவர் அவர். நீல சைக்கிளில் முன்னால் ஒரு கூடை உண்டு, பையும் மடிக்கணினியும் கொள்ளும். பின்னால் ஒன்றும் கிடையாது.

பதினொன்றாம் வகுப்பில் எனக்குக் கிடைத்த கவர்மென்ட் சைக்கிள் ஞாபகம் வந்தது. அப்பா அதை முதலில் கொண்டுபோனது மன்னார்குடி சைக்கிள் கடைக்கு. நட்டு போல்ட்டை இறுக்கச் சொல்லிவிட்டு, இருந்த கேரியரைக் கழற்றி, அகலமாக வேறொன்று போடச் சொன்னார். காலையில் பள்ளிக்கு அதில் தம்பி உட்காருவான். சாயங்காலம் அத்தையின் கீரைக்கட்டு.