மஞ்சள் துணியில் முடிந்த காசு

எங்கள் வீட்டுப் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பின்னால், மஞ்சள் துணியில் முடிந்த காசு இரண்டு ஆண்டுகளாக இருந்தது. என் மகனுக்குப் பதினோரு மாதம் ஆனபோது காய்ச்சல் வலிப்பு வந்து, மூன்று இரவுகள் மருத்துவமனையில் இருந்தோம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள சில குழந்தைகளுக்குக் காய்ச்சல் ஏறும்போது இப்படி வரலாம் என்றும், பெரும்பாலும் தானே அடங்கிவிடும் என்றும் மருத்துவர் பொறுமையாக விளக்கினார். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்று கற்றுக் கொடுத்ததும் அவரே. ஆனால் பெற்ற பிள்ளையின் கண்கள் மேலே செருகுவதைப் பார்த்த தாய்க்கு எந்த விளக்கமும் உடனே உள்ளே இறங்குவதில்லை. அன்றிரவே என் மாமியார் காசு முடிந்து, சிவன் வைத்தியநாதராக இருக்கும் வைத்தீஸ்வரன்கோயிலில் முடியிறக்கிக் காது குத்துவதாக, அங்குள்ள முருகன் செல்வமுத்துக்குமாரசுவாமியிடம் வேண்டிக்கொண்டார். அவர்தான் என் கணவர் வீட்டுக் குலதெய்வம்.

ஒரு வயது நிறைவதற்குள் போய்விட வேண்டும் என்றுதான் இருந்தோம். குழந்தை தேறி வருவதற்குள் பிறந்தநாள் கடந்துவிட்டது. பிறகு மூத்தவளுக்குப் பள்ளியில் இடம் தேடி அலைந்தோம், கொழுந்தனாரின் திருமணம் வந்தது, அதற்கடுத்த ஆண்டே அந்த வீட்டில் வளைகாப்பு. என் அப்பாவின் அறுபதாம் கல்யாணத்துக்குத் திருக்கடையூர் வரை போனோம். அங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வைத்தீஸ்வரன்கோயில் போய்விடலாம். அவ்வளவு அருகே போயும், மகளுக்கு விடாத வாந்தி என்பதால் வண்டியை நேரே சென்னைக்குத் திருப்ப வேண்டியதாயிற்று. அந்த வழியெல்லாம் அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைக் குறை சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று யாராவது என்னைக் கேட்டால், 'சீக்கிரம்' என்ற ஒரே சொல்லில் சொல்லிவிடுவேன். சீக்கிரம் எழுந்திரு, சீக்கிரம் சாப்பிடு, சீக்கிரம் செருப்பைப் போடு. மகளிடம் ஒரு நாளைக்கு நூறு முறையாவது அதைச் சொல்லியிருப்பேன். இந்த ஓட்டத்தில் சாமிக்கென்று ஒதுக்கிய நாள்தான் எப்போதும் முதலில் தள்ளிப்போனது. இதற்கிடையே மகனின் தலைமுடி தோள் வரை வளர்ந்துவிட்டது. இரட்டைச் சடை போட்டுவிட்டால், பேருந்தில் பக்கத்தில் இருப்பவர்கள் "பாப்பா பேர் என்ன?" என்று கேட்பார்கள். வரும் ஆனி மாதம் அவனுக்கு மூன்று வயது நிறைந்து நான்கு தொடங்கிவிடும். இரட்டைப்படை வயதில் மொட்டை போடுவதில்லை என்பதால், இதை விட்டால் இன்னும் ஓர் ஆண்டு காத்திருக்க வேண்டும். தாய்மாமன் மடியில்லாமல் காது குத்தவும் முடியாது. என் தம்பியோ அபுதாபியில் இருக்கிறான், ஆண்டுக்கு ஒரு முறைதான் விடுப்பு.

வைகாசியில் கும்பகோணத்தில் என் சித்தப்பா மகளின் திருமணம் குறித்தபோது எல்லாம் ஒரே புள்ளியில் வந்து கூடியது. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், தம்பிக்குப் புதன்கிழமை விமானம், அந்த வார இறுதிக்குள் மகளுக்குப் பள்ளி திறப்பு. திங்கட்கிழமை மாலை கிளம்பி, செவ்வாய்க்கிழமை காலையில் வேண்டுதலை முடித்துவிட்டு, இரவே சென்னை திரும்புவது என்று முடிவு செய்தோம். செவ்வாய்க் கிரகமான அங்காரகனின் தலத்தில் செவ்வாய்க்கிழமை கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் இதற்கு இசைந்தோம், ஏனென்றால் எங்களிடம் இருந்தது அந்த ஒரு நாள்தான்.

கல்யாண வீட்டில் இரண்டு இரவு தூக்கமில்லை. மகன் ஐஸ்கிரீமும் சர்பத்துமாகத் திரிந்தான். வேனில் ஏறி மயிலாடுதுறையை நெருங்கும்போது என் மடியில் இருந்தவனின் உடம்பு சுடுவது புடவையைத் தாண்டித் தெரிந்தது. கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் வெப்பமானியை எடுத்துப் பார்த்தேன், நூறைத் தாண்டியிருந்தது. என் கைகள் நடுங்கத் தொடங்கின. இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய அந்த இரவு முழுவதும் ஒரு கணத்தில் திரும்ப வந்து நின்றது. எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் மருந்தைக் கொடுத்து, சட்டையைக் கழற்றிவிட்டு, மூச்சை எண்ணிக்கொண்டே வந்தேன். "திரும்பிவிடலாமா?" என்று கணவர் மெல்லக் கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் கண்களை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "வைத்தியன் வாசலுக்குப் போற வழியிலே திரும்புவாங்களா?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

இரவு எட்டரை மணிக்கு ஊருக்குள் நுழைந்தோம். வண்டி நின்றதும் கதவைத் திறக்க விடாமல் நான்கு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் நாடி ஜோதிடம் பார்க்க அழைத்தார், ஒருவர் தங்கும் அறை காட்டுவதாகச் சொன்னார், இன்னொருவர் மொட்டை, காது குத்து, அர்ச்சனை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தொகை பேசினார். காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கும் ஒருத்தியிடம், "இந்தப் பிள்ளைக்குத் தோஷம் இருக்கும்மா, ஓலையைப் பார்த்தா தெரிஞ்சிடும்" என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வருகிறதோ தெரியவில்லை. நோயுற்றவர்கள் நம்பி வருகிற தலத்தின் வாசலில் அச்சத்தை விற்பது பெரும் பாவம். அதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. தம்பிதான் கையை விரித்து எங்களுக்கு வழி உண்டாக்கினான்.

அறைக்குப் போய்ப் படுத்துவிடத்தான் நினைத்தேன். ஆனால் இரவின் கடைசிப் பூஜையான அர்த்தசாமத்தைத் தவறவிட அத்தைக்கு மனமில்லை. இத்தலத்தில் அர்த்தசாம வழிபாடு முதலில் பிள்ளைக்கு, அதன் பிறகுதான் அப்பனுக்கு. பிள்ளை முந்திக்கொள்ளும் அந்த நேரத்தில் என் பிள்ளையையும் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

பகல் கூட்டம் அப்போது வடிந்திருந்தது. பிராகாரத்துக் கருங்கல்லில் அன்றைய வெயில் இன்னும் மிச்சமிருந்தது. முத்துக்குமாரசுவாமி சந்நிதிக்கு முன்னால் முப்பது நாற்பது பேர் இருந்திருப்போம். ஒரு பெரியவர் அப்பரின் பதிகத்தைத் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டிருந்தார். இத்தலத்து இறைவனைப் போற்றாமல் நெடுநாளை வீணே போக்கிவிட்டேனே என்று ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் அப்பர் பெருமான் வருந்துகிற பதிகம் அது. எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்று அந்த வருத்தம் எனக்காகவே சொல்லப்பட்டதுபோல நெஞ்சில் தைத்தது. பூஜை அலமாரியில் காத்துக்கிடந்த காசும், ஒவ்வொரு முறையும் நான் சொன்ன காரணங்களும், திருக்கடையூரிலிருந்து திரும்பிய வழியும் நினைவுக்கு வந்தன. அதே பதிகத்தில்தான் மந்திரமும் தந்திரமும் மருந்தும் அவனே என்று அப்பர் பாடுகிறார். மாலையில் நான் கொடுத்த மருந்தும் அப்படியென்றால் அவன்தானே என்று தோன்றிய கணத்தில், வண்டியில் தொடங்கிய நடுக்கம் நின்றது.

திரை விலகியது. விளக்கொளியில் புனுகும் சந்தனமும் மணக்க, சின்னஞ்சிறு பாலகனாக, கல்யாண வீட்டிலிருந்து களைத்து வந்த எங்களைப் பார்த்துச் சிரிக்கிறவனாக நின்றான். என்ன கேட்க வேண்டும் என்று வழி முழுவதும் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. "தாமதம் செய்துவிட்டேன், மன்னித்துவிடு" என்று மட்டும் வந்தது. கண்ணீர் மறைத்ததால் தீபாராதனையைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அர்ச்சகர் கொடுத்த சந்தனத்தை அத்தை விரலால் தொட்டு என் மகனின் நெற்றியில் இட்டார். அவன் விழித்து, சந்நிதியை நெடுநேரம் பார்த்துவிட்டு, இரு கைகளையும் தானாகக் கூப்பிவிட்டு மறுபடியும் என் தோளில் சாய்ந்தான். அவன் கன்னம் என் கழுத்தில் பட்டபோது வியர்வையின் குளிர்ச்சி தெரிந்தது. காய்ச்சல் இறங்கியிருந்தது. அந்த இரவு முழுவதும் வெப்பமானியுடன் விழித்திருந்தேன், மறுபடி ஏறவே இல்லை.

மறுநாள் விடிவதற்கு முன்பே ஊர் நிறைந்துவிட்டது. முடியிறக்கும் இடத்திலும் தரிசன வரிசையிலும் நெரிசல். குழந்தைகளைத் தூக்கி நிற்பவர்களுக்கு ஓரடி வழிவிட்டால் யாருடைய தரிசனமும் குறைந்துவிடாது. ஆனாலும் பின்னாலிருந்து தள்ளிய தள்ளலில் என் மகளின் கை இரண்டு முறை என் பிடியிலிருந்து நழுவியது. சித்திரையில் செட்டிநாட்டிலிருந்து நகரத்தார் பெருமக்கள் குழந்தை குட்டிகளோடு பல நாள் நடந்தே இங்கு வருவதை நினைத்துக்கொண்டு, வேனில் வந்த நாங்கள் சலித்துக்கொள்ளக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு ஆண்டுகளாகச் சீவிச் சடை போட்ட முடி, சில நிமிடங்களில் தம்பியின் மடியில் சுருள் சுருளாக விழுந்தது. சந்தனம் பூசிய தலையுடன் என் மகன் திடீரென்று பையனாகிவிட்டான். காது குத்தும்போது அவன் போட்ட அலறலில் தம்பிக்கும் கண் கலங்கியது. மாமன் சீராக அவன் கொண்டுவந்த கடுக்கனை ஆசாரி திருகி முடிப்பதற்குள், பக்கத்தில் அடுத்த குழந்தை அழத் தொடங்கியிருந்தது. கல்யாண வீட்டிலேயே இடித்து எடுத்துவந்த மாவில் அத்தை மாவிளக்கு ஏற்றினார். பிறகு மேற்கு நோக்கி வீற்றிருக்கும் வைத்தியநாதரையும் தையல்நாயகி அம்மனையும் அங்காரகனையும் தரிசித்தோம். சுவாமி சந்நிதியில் நின்றது அரை நிமிடம்கூட இராது. முந்தைய இரவு கிடைத்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

உண்டியலுக்கு முன்னால் அத்தை மஞ்சள் துணியை அவிழ்த்தார். உள்ளே இரண்டு காசுகள் இருந்தன. ஒன்றுதானே முடிந்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணு பிள்ளைக்கு. இன்னொண்ணு உனக்கு. மூணு ராத்திரி பச்சைத்தண்ணி குடிக்காம உட்கார்ந்திருந்தியே, நீ நல்லா இருக்கணும்னு முடிஞ்சேன்" என்றார். இரண்டு ஆண்டுகளாக அந்தத் துணியைப் பார்க்கும்போதெல்லாம் என்னைக் குற்றம் சாட்டுவதாகவே நினைத்து வந்திருக்கிறேன். எனக்காகவும் ஒருவர் அதில் வேண்டி வைத்திருக்கிறார் என்று தெரியாமல் போயிற்று. முத்துக்குமரா, என் பிள்ளைக்கு உயிர் தந்தாய், இப்படி ஒரு தாயையும் தந்தாய். உனக்கு நான் என்ன செய்து ஈடுகட்டுவேன்! அந்த இடத்திலேயே அத்தையின் காலில் விழுந்தேன். வரிசையில் வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

கிளம்பும் நேரத்தில்தான், வேண்டுதலுக்காகக் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பதை மறந்துவிட்டது நினைவுக்கு வந்தது. முதலில் செய்திருக்க வேண்டியது, குழந்தையின் அழுகையில் விட்டுப்போயிற்று. தம்பி பெட்டிகளை ஏற்றப் போனான், நானும் மகளும் மட்டும் சித்தாமிர்தக் குளத்துக்கு இறங்கினோம். அந்தக் குளத்தில் தவளையே இல்லை என்று பாட்டி சொன்ன கதையைக் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தவள், படியில் குனிந்து முதலில் அதைச் சோதித்துப் பார்த்தாள். பிறகு, "தம்பிக்கு நான்தான் கரைப்பேன்" என்று வெல்லத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அந்த மூன்று இரவுகளில் நான்கு வயதுக் குழந்தையான இவள் என் அம்மா வீட்டில் யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்தாள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. அவளுக்கென்று யாரும் எதையும் வேண்டிக்கொள்ளவில்லை. என் பங்கு வெல்லத்தை அவளுக்காக நீரில் விட்டேன்.

அவளோ கட்டியை இரண்டு கைகளாலும் நீருக்குள் பிடித்துக்கொண்டு, விரல்களுக்கு இடையே அது கரைந்து பழுப்பாகப் பரவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்துவிட்டார். சீக்கிரம் என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, புடவையைச் செருகிக்கொண்டு, கடைசித் துணுக்கும் கரையும் வரை அவளுக்குப் பக்கத்தில் அந்த ஈரப்படியில் உட்கார்ந்திருந்தேன்.