தடுப்பூசித் தழும்பு

கோபி பக்கம் எங்கள் தோட்டத்தை ஒட்டிய வாய்க்கால் கரையில் ஒரு சரித்திரப் படத்துக்கு ஷூட்டிங். தீரன் சின்னமலை காலத்துக் கதை, அதாவது 1805-இல் அவரைச் சங்ககிரியில் தூக்கிலிடுவதற்கு முன்பு. ஹீரோவைப் பார்க்கத்தான் போனேன், ஆனால் கண் போனதெல்லாம் மற்றவர்கள் மேல்தான். கலை இயக்குநரின் ஆட்கள் மின்கம்பத்தை ஓலை கட்டி மறைக்கிறார்கள், அந்தக் காலத்தில் இங்கே இல்லாத சீமைக் கருவேலத்தை வெட்டுகிறார்கள், மேக்கப் அண்ணன் கூட்டத்தில் நிற்கிற ஒவ்வொருவர் கையிலும் தடுப்பூசித் தழும்பைத் தேடித் தேடி மூடுகிறார்.

"இதையுமா மறைக்கோணும்?" என்றேன்.

"கேமரா பாத்துருமுங்க."

அப்புறம் குதிரைக்காரர், லைட்மேன், புது வேட்டியைத் தேயிலைச் சாயத்தில் முக்கிப் பழசாக்கும் காஸ்ட்யூமர், விடியுமுன் இட்லி ஊற்றுகிறவர்கள். எத்தனை கைகள்! ராத்திரி பத்து மணிக்குத் திரும்பும்போதும் அந்த மேக்கப் அண்ணன் உட்காரவே இல்லை.