நான் போட்ட ஸ்பின், எனக்கே

எங்கள் டேபிள் டென்னிஸ் கிளப்புக்கு ரிட்டயர்டான வாத்தியார் ஒருவர் வருவார். வயது அறுபத்தெட்டு. முழங்காலில் உறை. இரண்டடிக்கு மேல் நகரமாட்டார். அவரோடு முதன்முதலில் ஆடிய அன்று மூன்று கேமிலும் சேர்த்து எனக்குக் கிடைத்தது பதினாறு பாயிண்ட். நான் டாப்ஸ்பின் போடுவேன், அதாவது பந்து முன்பக்கமாகச் சுழலும்படி அடிப்பேன். அவர் பேட்டைச் சும்மா நீட்டுவார், என் அடுத்த அடி நெட்டில் போய் விழும். சரி, பேக்ஸ்பின் வைத்து, பந்து பின்பக்கமாகச் சுழலும்படி புஷ் செய்து பார்க்கலாம் என்று தள்ளினால் அவரும் அதேபோல் தள்ளுவார். நான் மறுபடி தள்ளும்போது பந்து அல்வா மாதிரி அவருக்கு வாகாக எழும்பி நிற்கும்.

"தம்பி, நான் ஒண்ணும் பண்ணலை. நீங்க குடுத்ததைத்தான் திருப்பிக் குடுத்தேன்."

கிண்டல் என்று நினைத்தேன். அப்புறம்தான் அவர் பேட்டை வாங்கித் தடவிப் பார்த்தேன். சிவப்புப் பக்கத்தில் சாதாரண ரப்பர். கறுப்புப் பக்கத்தில் நீள நீளமான ரப்பர் முட்கள், தொட்டால் வளைகின்றன. லாங் பிம்பிள்ஸ். சாதாரண ரப்பர் பந்தைக் கவ்விப் பிடித்துத் தன் ஸ்பின்னை ஏற்றி அனுப்பும். இந்த முட்கள் கவ்வுவதில்லை. பந்து போகும் திசை மாறும், சுழலும் திசை மாறாது. அதனால் என் டாப்ஸ்பின் பேக்ஸ்பின்னாகத் திரும்பி வருகிறது, என் பேக்ஸ்பின் லேசான டாப்ஸ்பின்னாக வருகிறது. ஆக, அவர் கையைப் பார்த்துப் பயனில்லை. போன அடியில் நான் என்ன போட்டேன் என்பதை நினைவில் வைக்க வேண்டும். இருபது வருடமாக எதிராளியின் மணிக்கட்டையே பார்த்துப் பழகியவனுக்கு இது லேசில் வருமா?

2024 பிப்ரவரியில் பூசானில் நடந்த உலக டீம் சாம்பியன்ஷிப்பில் இந்தியாவின் ஐஹிகா முகர்ஜி, அப்போதைய உலக முதல்நிலை வீராங்கனையான சீனாவின் சுன் யிங்ஷாவை வென்றதைப் பார்த்தபோது எனக்கு வாத்தியார் ஞாபகம்தான் வந்தது. ஐஹிகாவிடம் இருப்பது ஆன்டி ஸ்பின் ரப்பர். முள் கிடையாது, வழவழப்பான பரப்பு. வேலை கிட்டத்தட்ட அதேதான். 12-10, 2-11, 13-11, 11-6. அந்த அணி மோதலில் இந்தியா 2-3 என்று தோற்றது வேறு விஷயம். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவிலிருக்கும் அந்த 2-11. மாய ரப்பர் இருந்தால் போதும் என்பவர்கள் அந்த கேமைப் பார்க்க வேண்டும். இந்த ரப்பரால் சொந்தமாக ஸ்பின் உண்டாக்க முடியாது. எதிராளி ஸ்பின்னே இல்லாத மெதுவான பந்தை அந்தப் பக்கத்துக்கு ஆழமாக அனுப்பினால் திருப்பிக் கொடுக்க அதனிடம் எதுவும் இருக்காது. அதனால்தான் ஒரு பக்கம் முள் ரப்பர் வைத்து ஆடும் இந்திய வீராங்கனை மணிகா பத்ரா போன்றவர்கள் ராலிக்கு நடுவிலேயே பேட்டைத் திருப்பிப் பிடிக்கிறார்கள். முள்ளை எதிர்பார்த்து நிற்பவருக்குச் சாதாரண ரப்பரிலிருந்து அடி வரும்.

இதைக் குறுக்கு வழி என்று எங்கள் கிளப்பிலேயே முணுமுணுப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு காலத்தில் பேட்டின் இரண்டு பக்கமும் வெவ்வேறு ரப்பராக இருந்தாலும் ஒரே நிறத்தில் இருக்கலாம். 1980களின் தொடக்கத்தில் சீனாவின் சாய் ஷென்ஹுவா அப்படித்தான் உலகத்தைக் குழப்பினார். எந்தப் பக்கம் பட்டது என்பது சத்தத்தில் தெரிந்துவிடக் கூடாது என்று சர்வ் போடும்போது காலைத் தரையில் ஓங்கி மிதிப்பவர்களும் இருந்தார்கள். அது வேண்டுமானால் கண்கட்டு வித்தை. இன்று ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் அதிலிருந்து தெளிவாக வேறுபடும் பளிச்சென்ற நிறம். மேட்சுக்கு முன்னால் எதிராளி பேட்டை வாங்கிப் பார்க்கலாம். எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரமே இருந்த சீன வீராங்கனை டெங் யாபிங் பேக்ஹேண்டில் முள்ளை வைத்துக்கொண்டுதான் நான்கு ஒலிம்பிக் தங்கம் வாங்கினார்.

போன ஞாயிறு வாத்தியாரோடு மறுபடி ஆடினேன். கறுப்புப் பக்கத்துக்கு ஸ்பின் இல்லாமல் ஆழமாகத் தள்ளிக்கொண்டே இருந்தேன். ஐந்தாவது கேமில் 9-9. அதே பந்தை மறுபடி அனுப்பினேன். அவர் விரலுக்குள் பேட் சுழன்றதைப் பார்த்தேன். சிவப்பு தெரிந்தது. தெரிந்து என்ன, பந்து போய்விட்டது. அடுத்த பாயிண்டும் அவருக்கே.

"கறுப்பையே பாத்துட்டு இருந்தீங்க, தம்பி" என்றார்.