உம்மாவின் சுண்ணாம்பு மாத்திரை

மருத்துவர் சொன்ன கால்சியம் மாத்திரையை வாயருகே கொண்டுபோன உம்மா, அதை அப்படியே டப்பாவில் திரும்பப் போட்டுவிட்டார். "ஈ170 என்று எழுதியிருக்கிறதே, அது எலும்பிலிருந்து எடுப்பதாமே?" யாரோ கைப்பேசியில் அனுப்பிய ஹராம் (மார்க்கத்தில் விலக்கப்பட்டவை) பட்டியலில் அந்த எண் இருந்திருக்கிறது.

ஈ170 என்பது உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்குத் தரும் எண்களில் ஒன்று. அது குறிப்பது கால்சியம் கார்பனேட்டை. சுண்ணாம்புக் கல்லும் அதுதான், முட்டை ஓடும் சிப்பி ஓடும் பெரும்பாலும் அதுதான். எலும்பில் இருப்பது முக்கியமாகக் கால்சியம் பாஸ்பேட். எலும்பிலிருந்து எடுத்த பாஸ்பேட்டுக்கு ஈ542 என்று தனி எண்ணே உண்டு. எடுத்துச் சொன்னேன். உம்மா அசையவில்லை.

ஒரு மாத்திரையைப் பொடித்து வினிகரில் போட்டுப் பார்த்தேன். பொங்கி நுரைத்தது. கார்பனேட் என்று தெரிந்தது, அவ்வளவுதான். முட்டை ஓட்டைப் போட்டாலும் இப்படித்தான் நுரைக்கும். ஆனால் நுரை அடங்கிய பிறகு மேலே மெல்லிய வெண்படலம் ஒன்று மிதந்தது. கல் மட்டும் என்றால் இது ஏது?

பள்ளிவாசலில் மார்க்க அறிஞரான ஆலிமிடம் போனேன். "பூமியிலுள்ள அனைத்தும் உங்களுக்காகப் படைக்கப்பட்டவை என்று குர்ஆனில் அல்பகரா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் சொல்கிறது. கல்லில் என்ன சந்தேகம்? கல்லோடு எதைச் சேர்த்தார்கள் என்று கேட்டு வாருங்கள்" என்றார்.

அங்கேதான் விஷயம் இருந்தது. வெறும் பொடியை அழுத்தினால் மாத்திரை உதிர்ந்துவிடும். அதைப் பிடித்துவைக்க மாவுச்சத்தோ, பிசினோ, விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினோ சேர்ப்பார்கள். அச்சில் ஒட்டாமலிருக்க மெக்னீசியம் ஸ்டியரேட் சேர்ப்பார்கள். அதற்கான ஸ்டியரிக் அமிலம் பனை எண்ணெயிலிருந்தும் வரலாம், மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பெயரில் கனிமம் இருக்கிறதே என்று நம்பிவிடக் கூடாது.

தயாரிப்பாளருக்கு "இது ஹலாலா?" என்று எழுதினேன். "பன்றி சார்ந்த பொருள் எதுவும் இல்லை" என்று பதில் வந்தது. கேட்டதற்கு அது விடையல்ல. முறைப்படி அறுக்கப்படாத மாடும் ஆகாதே. தவறு என் கேள்வியிலும் இருந்தது. தீர்ப்பைக் கேட்காமல் மூலத்தைக் கேட்டிருக்க வேண்டும். இரண்டாம் கடிதத்தில் மூன்றே கேள்விகள்: கார்பனேட் கல்லா, ஓடா? ஸ்டியரேட் எதிலிருந்து? பிணைப்புப் பொருள் எது? பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. கார்பனேட் சுரங்கக் கல், ஸ்டியரேட் தாவரம், பிணைப்பது மாட்டு ஜெலட்டின், அறுத்த முறை பற்றித் தகவல் இல்லை.

ஒரு பொருள் முற்றிலும் வேறொன்றாக மாறிவிட்டால் சட்டமும் மாறும் என்பதை இஸ்திஹாலா என்பார்கள். ஜெலட்டினுக்கு அது பொருந்துமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. "மாற்று கிடைக்கும்போது எதற்கு?" என்று ஆலிம் முடித்துவிட்டார்.

மாற்று கிடைத்தது. அதே 1,250 மில்லிகிராம் கார்பனேட், அதாவது 500 மில்லிகிராம் கால்சியம், பிணைப்பது மாவுச்சத்து. ஹலால் சான்றிதழும் இருந்தது. அதில் இந்த மாத்திரையின் பெயர் இருக்கிறதா, காலக்கெடு முடிந்துவிடவில்லையா என்றும் பார்த்துக்கொண்டேன். நிறுவனத்தின் ஒரு பொருளுக்குச் சான்று இருந்தால் மற்றவற்றுக்கும் இருக்கும் என்பதில்லை.

உம்மா அதை உள்ளங்கையில் வைத்துப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஹலால்தான் சரி. ஆனால் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே, பாதியாக உடைத்துக் கொடு."