காலா பந்தரும் கூலர் தகரமும்

மலருக்கு ஏதாவது எழுதச் சொன்னதும், பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிய கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நான் சொன்ன ஒரு பொய்தான் நினைவுக்கு வந்தது.

2001 மே. டில்லியில் 'காலா பந்தர்', அதாவது ராத்திரியில் ஆட்களைக் கீறும் கறுப்புக் குரங்கு மனிதன், உலவிய கோடை. நாங்கள் அப்போது மயூர் விஹாரில் இருந்தோம். ராத்திரி கரண்ட் போனால் கட்டடமே பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிடும். குரங்கு மனிதன் பேச்சு வந்ததும் மாடிக் கதவைச் சாத்தி, எங்கள் வீட்டு அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்தார்கள். எல்லோரும் உள்ளே வெந்தோம். நகரத்தில் பயந்து மாடியிலிருந்து குதித்துச் செத்தவர்களும் உண்டு. போலீஸ் படமே வரைந்து வெளியிட்டது.

ஒருநாள் இருட்டில் கூலரின் தகர விளிம்பு என் முழங்கையைக் கிழித்துவிட்டது. காலையில் எதிர்வீட்டுப் பையன் "க்யா ஹுவா?" (என்ன ஆச்சு?) என்றான். "வஹீ" (அதேதான், அந்தக் குரங்குதான்) என்று வாயில் வந்துவிட்டது. அதுவரை என்னை 'மதராசி' என்று கிரிக்கெட்டுக்கே சேர்க்காதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். மூன்றாம் முறை சொல்லும்போது அதன் சிவந்த கண்கள் எனக்கே ஞாபகம் வந்தன!

அப்புறம் மருத்துவர்களும் தடயவியல்காரர்களும் விசாரித்து, அப்படி ஒன்றுமே இல்லை என்றார்கள். கீழ்வீட்டு மாமா பேப்பரை மடித்தார். "இல்லேன்னு இவ்வளவு சொல்றான்னா, எதையோ மறைக்கறான்." அதற்கு மேல் அவரிடம் எந்தச் சான்றைக் காட்டுவது?

ஜூலையில் பள்ளி திறந்தது. உளவியல் மிஸ் புத்தகத்தைத் திறக்காமல், 1934 ஜனவரி 15இல் நடந்த பீகார் நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னார். ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் அப்போது உலவிய வதந்திகளைத் திரட்டினாராம். கங்கை நீர் மறைந்துவிட்டது, பாட்னாவைப் புயல் தாக்கும், கிரகணத்தன்று மறுபடி பூமி ஆடும் என்றெல்லாம். அதிர்வை உணர்ந்தும் சேதம் பார்க்காத ஊர்களில் பரவியவை அவை. 1957இல் லியான் பெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் அதற்கு ஒரு விளக்கம் தந்தார்: பயம் ஏற்கெனவே உடம்பில் இருக்கிறது, கண்ணெதிரே அதற்கு ஈடான காரணம் இல்லை, ஆகவே கதை அந்தக் காரணத்தைக் கொண்டுவந்து கொடுக்கிறது.

எனக்கு எங்கள் மாடி நினைவுக்கு வந்தது. இருட்டு, புழுக்கம், எப்போது கரண்ட் வரும் என்று சொல்ல நாதியில்லை. குரங்கு அதற்கெல்லாம் பின்னால்தான் வந்தது. ஆனால் பெஸ்டிங்கரிடம் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது: கிரிக்கெட்டில் கிடைத்த இடம். கதையை விட்டால் அதுவும் போய்விடும்.

பெல் அடித்ததும் பின்பெஞ்சுப் பயல்கள் என்னை முன்னே தள்ளினார்கள். "மிஸ், இவனைக் கீறியிருக்கு!"

மிஸ் என் கையைத் திருப்பித் தழும்பைப் பார்த்தார். நேர்கோடாக ஒரே கீறல்.

"தகரமா? டெட்டனஸ் ஊசி போட்டுண்டியா?"