டிபி பெட்டிக்குள் இரண்டு சிவப்பு வயர்கள்

பினாங்கு குளுகோரில் உள்ள எங்கள் மாடி வரிசை வீட்டில், மின்சாரத்தை அறைகளுக்குப் பிரித்து அனுப்பும் டிபி பெட்டியைத் திறந்ததும், வயர்மேன் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "சமையலறையை எப்போது உடைத்துக் கட்டினீர்கள், தம்பி?" என்பதுதான். நான் அவரை அழைத்தது பெட்டியை மாற்றவும், பின்னாளில் மின்சாரக் கார் சார்ஜர் வைப்பதற்கு மெயின் வயர் தாங்குமா என்று பார்க்கவும். அவரோ 32 ஆம்பியர் எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றின் கீழ் நுழைந்திருந்த இரண்டு சிவப்பு வயர்களைப் பார்த்ததும் மற்ற எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டார்.

இரண்டும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர்கள். குழாய்க்குள் செல்லும் அத்தகைய பிவிசி வயர் 30 பாகை வெப்பத்தில் 24 ஆம்பியரைத்தான் தாங்கும். ஆனாலும் அதற்கு 32 ஆம்பியர் எம்சிபி வைத்தது தவறன்று. ஏனெனில் அது ரிங் சர்க்யூட்: பெட்டியிலிருந்து புறப்படும் வயர் ஒவ்வொரு பிளக்காகச் சுற்றிவிட்டு அதே எம்சிபிக்குத் திரும்புவதால், மின்னோட்டம் இரு வழியாகவும் பிரிந்து செல்கிறது. அண்ணன் மெயினை அணைத்து, இரு முனைகளையும் கழற்றி மீட்டரை வைத்தபோது தொடர்பே இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் சமையலறையைப் புதுப்பித்த கட்டுமானக் குத்தகையாளர், ஒரு பிளக் பெட்டியை ஓடு ஒட்டி மறைத்தபோது வளையத்தையும் அறுத்துவிட்டிருந்தார். எல்லா பிளக்கிலும் மின்சாரம் வந்துகொண்டிருந்ததால் எங்களுக்கு எதுவும் தெரியவில்லை.

அதன் விளைவு என்ன என்பதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். கெட்டில் 2 கிலோவாட், சுடுநீரில் துவைக்கும் இயந்திரம் 2 கிலோவாட், ஏர் பிரையர் 1.5 கிலோவாட், சோற்றுப் பானை 0.7 கிலோவாட் என மொத்தம் 6.2 கிலோவாட், 230 வோல்ட்டால் வகுத்தால் 27 ஆம்பியர். இவையெல்லாம் அறுந்த இடத்துக்கு ஒரே பக்கத்தில் இருந்தால், இத்தனையும் ஒற்றை 2.5 வயரில் ஓடும்; 32 ஆம்பியர் எம்சிபியோ 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம்வரை டிரிப் ஆகாமல் இருக்கும்படி செய்யப்பட்டது. ஓட்டம் இரு மடங்கானால் வயரில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பதால், எம்சிபி அடிக்கடி விழுகிறது என்று பெரியதாக மாற்றச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு இப்போது அச்சமாக இருக்கிறது. எம்சிபி காப்பது வயரை. பிளக்கில் செருகிய சாமானை அன்று. அறுந்த இடம் ஓட்டுக்குப் பின்னால் இருந்ததால், அண்ணன் வளையத்தின் இரண்டு பகுதிகளையும் தனித்தனிச் சர்க்யூட்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் 20 ஆம்பியர் எம்சிபி வைத்தார்.

மேல்மாடியில் வேறு வகைச் சிக்கல். எந்த வயர் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று காட்டும் அட்டவணையில் 4 சதுர மில்லிமீட்டர் வயருக்கு 32 ஆம்பியர் என்று போட்டிருப்பதைப் பார்த்து, 3.6 கிலோவாட் வாட்டர் ஹீட்டருக்கு, அதாவது 15.7 ஆம்பியருக்கு, அது தாராளம் என்று நினைத்திருந்தேன். அந்த 32, வயர் தனியாக, 30 பாகையில் இருந்தால் மட்டுமே. எங்கள் ஓட்டுக் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் மதிய வெயிலில் 45 பாகை என்று வைத்துக்கொண்டால் 0.79 ஆல் பெருக்க வேண்டும். இரண்டு ஏர்கோன் வயர்களும் அதே குழாயில் போவதால் மூன்று சர்க்யூட்டுக்கான 0.70 ஆலும் பெருக்க வேண்டும். மிஞ்சுவது 17.7 ஆம்பியர். ஹீட்டரின் எம்சிபி 20 ஆம்பியர் என்பதால் அது போதாது. 6 சதுர மில்லிமீட்டர் வயர் இட்டால் 22.7 கிடைக்கும். ஆனால் அண்ணன் அதைவிட எளிதாக, ஹீட்டர் வயரைத் தனிக் குழாயில் கொண்டுபோனார்; அப்போது 4 சதுர மில்லிமீட்டரே 25 ஆம்பியரைத் தாங்குகிறது. ஹீட்டருக்கென, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 10 மில்லிஆம்பியர் இஎல்சிபி தனியாக உண்டு.

அண்ணனுக்கு 'சதுர மில்லிமீட்டர்' வாயில் வருவதில்லை. 7/.029, 7/.044 என்று இழைகளின் எண்ணிக்கையையும் ஓர் இழையின் விட்டத்தை அங்குலத்திலும் சொல்லும் பழைய வழக்கம் அவருடையது. முதலாவது ஏறக்குறைய 3, இரண்டாவது 7 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடையில் அவர் கேட்பதும் கடைக்காரர் எடுத்துத் தருவதும் ஒன்றுதானா என்று நான் ஒவ்வொரு முறையும் வயரின் மேல் அச்சிட்டிருந்ததைப் படித்துப் பார்த்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

மெயின் வயரில் கணக்குச் சுருக்கமானது. மீட்டருக்கு முன் மின் விநியோக நிறுவனமான தெனாகா முத்திரையிட்டு வைத்திருக்கும் பியூஸ் 63 ஆம்பியர். அதை நாம் தொடக்கூடாது. 10 சதுர மில்லிமீட்டர் வயர் 57 ஆம்பியர்தான் தாங்கும். 16 சதுர மில்லிமீட்டருக்கு 76. 40 பாகைக்குரிய 0.87 ஆல் பெருக்கினாலும் 66 ஆம்பியர். ஆகவே மீட்டரிலிருந்து டிபி வரை 16, எர்த் வயரும் 16.

சார்ஜர் மட்டும் ஒற்றை முனை இணைப்பில் அடங்கவில்லை. 7.4 கிலோவாட் சார்ஜர் இரவு முழுவதும் 32 ஆம்பியர் இழுக்கும். அதனுடன் ஹீட்டரும் ஏர்கோன்களும் கெட்டிலும் சேர்ந்தால் 63 ஐத் தாண்டிவிடும். இப்போதைக்குக் கார் நிறுத்துமிடம் வரை 10 சதுர மில்லிமீட்டர் வயருக்கான வெற்றுக் குழாயை மட்டும் பதித்து வைத்திருக்கிறோம். மும்முனை இணைப்புக்கான விண்ணப்பத்தைப் பதிவுபெற்ற மின் குத்தகையாளர் வழியாகவே தெனாகாவிடம் கொடுக்க வேண்டும் என்பதால், அப்படி ஒருவரை அண்ணனே அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.